தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்கும் முன் காரணத்தைக் கேளுங்கள்

(அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் ஒருவர், பொதுமக்களுக்கான நலக்கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று நான் பேசப் போவது தலைசுற்றலைப் பற்றி. ஒருநாள் வெயிலில் நின்றதால் வரும் கிறுகிறுப்பைச் சொல்லவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வருகிற தலைசுற்றலைச் சொல்கிறேன். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அது இருக்கும். இல்லையென்றால் வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இருக்கும். அவங்க கைப்பையைத் திறந்து பாருங்க, ஒரு அட்டை தலைசுற்றல் மாத்திரை நிச்சயம் இருக்கும்.

அந்த மாத்திரை எந்த நோய்க்குன்னு கேட்டால், "தலைசுத்தலுக்கு" என்பார்கள். அங்கேதான் சிக்கல். தலைசுற்றல் என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி, அது ஓர் அறிகுறி. காய்ச்சல் வந்தால் மலேரியாவா, டெங்குவா, டைபாய்டான்னு பார்க்கிறோம் இல்லையா? தலைசுற்றலுக்கு மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. காரணம் தெரியாமலே மாத்திரை போகுது, வருஷமும் போகுது.

"மயக்கமா வருது" என்றால் என்ன அர்த்தம்?

நம்ம தமிழிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. "மயக்கமா வருது டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கலாம்.

ஒன்று, சுற்றுவது. ராட்டினத்தில் ஏறி இறங்கின மாதிரி அறையே சுழலும். இரண்டு, கண் இருட்டி விழப் போவது மாதிரி இருப்பது. நினைவு தப்புவதற்கு முந்தைய நிலை இது. மூன்று, தள்ளாட்டம். தலையில் ஒன்றும் தெரியாது, ஆனால் நடந்தால் கால் ஒரு பக்கம் இழுக்கும். நான்கு, தலை லேசாக, மிதக்கிற மாதிரி, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருப்பது.

முதலாவது பெரும்பாலும் காதைக் காட்டும். இரண்டாவது ரத்த அழுத்தம், இதயம், ரத்தசோகை பக்கம் பார்க்கச் சொல்லும். மூன்றாவது நரம்பையும் மூளையையும் பார்க்கச் சொல்லும். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒரே நோயாளி இன்றைக்கு "சுத்துது" என்பார், நாளைக்கு "மிதக்குது" என்பார். அதனால், எப்படி இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று கண். இரண்டு, கால் பாதமும் மூட்டுகளும். மூன்றாவது உட்காது. உட்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்லும். இந்த மூன்று செய்திகளும் ஒத்துப்போகாவிட்டால் தலை சுற்றும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரசியமானது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர், நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிலருக்குத் தலை சுற்றியது, கண் தானாகத் துடித்தது. குளிர்ந்த தண்ணீர் விட்டால் கண் ஒரு திசையில் துடித்தது, சூடான தண்ணீர் விட்டால் எதிர்த் திசையில் துடித்தது. காதுக்குள் இருக்கும் திரவம்தான் கண்ணை அசைக்கிறது என்று அதிலிருந்து அவர் புரிந்துகொண்டார். இதற்காக 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். இன்றைக்கும் தலைசுற்றலோடு வருபவரின் கண் அசைவை நாங்கள் உன்னிப்பாகப் பார்ப்பது இதனால்தான். காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண் காட்டிக்கொடுக்கும்.

கழுத்து எலும்பு தேய்மானம்தான் காரணமா?

வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. "காலையில படுக்கையில திரும்பிப் படுத்தா வீடே சுத்துது டாக்டர். கொஞ்ச நேரத்துல நின்னுடுது. அலமாரி மேல சாமான் எடுக்க அண்ணாந்து பார்த்தா மறுபடி வருது. கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லிட்டாங்க. கழுத்துப் பட்டை போட்டிருக்கேன். ஒரு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்."

ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்குக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை சுற்றாதவர்களுக்கும் தெரியும். அதனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பதே தலைசுற்றலுக்குக் காரணம் ஆகிவிடாது.

அந்த அம்மா சொன்ன கதையைத் திரும்பக் கேளுங்க. படுக்கையில் திரும்பும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. காது இரைச்சல் இல்லை, காது மந்தமும் இல்லை. இது பெரும்பாலும் உட்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. மருத்துவச் சீட்டில் 'பி.பி.பி.வி.' என்று எழுதியிருக்கும். சுற்றும் தலைசுற்றலுக்கு மிகவும் பொதுவான காரணங்களில் இது ஒன்று.

உட்காதில் ஓர் இடத்தில் இயல்பாகவே நுண்ணிய கால்சியம் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, சில நேரம் காரணமே இல்லாமலோ அவை கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையை அசைத்தால் துகளும் உருளும். மூளைக்குத் தவறான செய்தி போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இந்தத் துகள் தெரியாது. ஒரு கட்டில் போதும். தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்க வைத்து, தலையைக் கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தாழ்த்திப் பிடித்து, கண் எப்படித் துடிக்கிறது என்று மருத்துவர் பார்ப்பார். இரண்டு பக்கமும் சேர்த்துச் சில நிமிடங்கள்தான் ஆகும். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த பரிசோதனை இது.

சிகிச்சையும் மாத்திரை இல்லை. தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைத்து, துகளைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறை செய்தாலே சரியாகிவிடும். பிறகு திரும்ப வரலாம், வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். ஆக, சில நிமிடங்களில் தீர்க்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு மனுஷி ஒரு வருஷமாகக் கழுத்துப் பட்டையோடு இருந்திருக்கிறார். சரியான கண்டறிதலின் மதிப்பு இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செல்போனில் தேடினால் இந்தப் பயிற்சியின் வீடியோ நிறைய வரும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் நீங்களே செய்யாதீங்க. ஒவ்வொரு குழாய்க்கும் முறை வேறு. கழுத்தில் பெரிய பாதிப்பு இருந்தாலோ, அண்மையில் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலோ அதை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நேரத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும்

*சில விநாடிகள்:* தலையின் நிலை மாறினால் வருகிறதா? அது இப்போது சொன்ன துகள் பிரச்சினையாக இருக்கலாம். படுத்திருந்து எழுந்து நின்றதும் மட்டும் கண் இருட்டுகிறதா? அப்படியானால் ரத்த அழுத்தம் குறைவதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. படுக்கையில் படுத்தபடி புரளும்போதே சுற்றினால் அது காது. நிற்கும்போது மட்டும் வந்தால் ரத்த அழுத்தத்தைப் பாருங்க.

*நிமிடங்கள் முதல் மணிக்கணக்கு வரை:* காதில் இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறன் கூடிக் குறைவது இவற்றோடு வந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் மெனியர் 1861இலேயே இந்த வகைத் தலைசுற்றல் காதிலிருந்து வருகிறது என்று சொன்னார். இதற்கு உப்பைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

வெளிச்சம், சத்தம் பிடிக்காமல் போவது, ஒற்றைத் தலைவலி இருந்த வரலாறு, பஸ்ஸில் போனாலே குமட்டுவது இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைசுற்றலாக இருக்கலாம். இதில் பல பேர் ஏமாந்துபோவது ஏன் தெரியுமா? சுற்றும் நேரத்தில் தலைவலி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "எனக்குத்தான் தலைவலியே இல்லையே" என்று விட்டுவிடுவார்கள்.

*நாள்கணக்கில் விடாமல்:* வாந்தியோடு திடீரென ஆரம்பித்து ஓரிரு நாள் எழுந்திருக்கவே முடியாமல் இருந்தால், காதிலிருந்து போகும் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். மூளையின் பின்பகுதியில் வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம். இதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

*மாதக்கணக்கில், பெரும்பாலான நாள்களில்:* முதலில் ஒரு தலைசுற்றல் வந்து போயிருக்கும். காது சரியாகிவிட்டிருக்கும். ஆனால் அந்தப் பயத்தில் மூளை எப்போதும் உஷார் நிலையிலேயே இருந்துவிடும். நிற்கும்போது, நடக்கும்போது, கூட்டமான கடைத்தெருவில், சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவில், செல்போன் திரையை வேகமாக நகர்த்தும்போது ஆட்டம் அதிகமாகும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதற்கென்றே ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது, 2017இல் அதற்கு உலக அளவில் வரையறையும் வகுத்திருக்கிறார்கள்.

இவர்கள் படும் பாடு தனி. ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான், நடிக்கிற" என்று வீட்டிலேயே சொல்வார்கள். அப்படிச் சொல்லாதீங்க. இது நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லை. சமநிலைப் பயிற்சி, தேவையானால் மருந்து, மனநல ஆலோசனை என்று சிகிச்சை இருக்கிறது. பெயர் தெரிந்தால்தான் அந்தச் சிகிச்சை தொடங்கும்.

காதில் இல்லாத காரணங்கள்

எல்லாத் தலைசுற்றலும் காதிலிருந்து வருவதில்லை.

பி.பி. மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, ஆண்களுக்கு புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இவற்றால் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கலாம். உட்கார வைத்து மட்டும் பி.பி. பார்த்தால் இது தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், நின்ற பிறகு மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ, "நிக்க வைச்சும் ஒரு தடவை பாருங்கம்மா" என்று கேளுங்க. அதற்காக நீங்களாகவே பி.பி. மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் அளவை மாற்றுவார்.

பெண்களுக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று பெயர். ரொம்பக் குறைந்துவிட்டால் படியேறினாலே கிறுகிறுக்கும். அதற்குத் தலைசுற்றல் மாத்திரை கொடுத்து என்ன பயன்?

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு விதமாக வரலாம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கத்தோடு மயக்கம் வரும். இன்னொன்று, பாத நரம்பு மரத்துப்போவதால் வரும் தள்ளாட்டம். இது இருட்டில் அதிகமாகும்.

படபடப்போடு கண் இருட்டினாலோ, வேலை செய்யும்போது மயங்கி விழுந்தாலோ இதயத்தைப் பார்க்க வேண்டும். இ.சி.ஜி. எடுக்காமல் விடாதீங்க.

கடைசியாக ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள் உயிர் காக்கும் மருந்துகள்தான். ஆனால் சிலருக்கு அவை இரண்டு காதின் சமநிலை உறுப்பையும் பாதிக்கலாம். அவர்களுக்குத் தலை சுற்றாது. நடக்கும்போது பெயர்ப்பலகை எழுத்து குதிக்கும், இருட்டில் நடக்க முடியாது. காசநோய்க்கோ கடுமையான தொற்றுக்கோ முன்பு ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீங்க.

அந்த மாத்திரை ஏன் நீண்ட நாள் கூடாது?

வாந்தியும் சுற்றலும் தாங்க முடியாத முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு மாத்திரை உதவும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு காது பாதிக்கப்பட்டால், மூளை தானாகவே பழகி ஈடுகட்டிக்கொள்ளும். அதற்கு நடக்க வேண்டும், தலையை அசைக்க வேண்டும். சமநிலை உணர்வை அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் அந்தப் பழக்கம் தாமதமாகும். தூக்கக் கலக்கம் வரும், வயதானவர்கள் விழுவார்கள். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை நீண்ட நாள் எடுக்கும் முதியவர்கள் சிலருக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்வு என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரும். பிறகு அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்குவதை நிறுத்துங்க. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு எப்படிக் குறைப்பது என்று முடிவு செய்யுங்க.

உடனே 108

தலைசுற்றலோடு கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

• பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது
• எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது
• முகம் கோணுவது, கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது
• பிடித்துக்கொண்டாலும் நிற்கவோ உட்காரவோ முடியாத அளவு தள்ளாட்டம்
• இதுவரை இல்லாத கடுமையான தலைவலி
• திடீரென ஒரு காது கேட்காமல் போவது
• நெஞ்சுவலி, நினைவு தப்புவது

பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பித்தம் என்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும். இன்னொன்று, மூளையின் பின்பகுதிப் பக்கவாதம் ஆரம்ப நேர சி.டி. ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். "ஸ்கேன் நார்மல்" என்று வீட்டுக்கு வந்த பிறகும் இந்த அறிகுறிகள் இருந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்க.

உங்க செல்போன் எப்படி உதவும்?

மருத்துவரிடம் வரும் நேரத்தில் பெரும்பாலும் தலை சுற்றாது. அதனால் நடந்ததை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அதற்குச் செல்போனைப் போல ஒரு கருவி இல்லை.

முதலாவது, வீடியோ. சுற்றும்போது வீட்டில் இருப்பவர்கள் வெளிச்சத்தில், கண்ணுக்கு அருகில் பிடித்து அரை நிமிடம் படம் எடுக்கட்டும். கண் திறந்திருக்க வேண்டும். கண் துடிக்கும் திசையே எங்களுக்குப் பல விஷயம் சொல்லும். அபாய அறிகுறி இருந்தால் வீடியோ வேண்டாம், முதலில் 108.

இரண்டாவது, குறிப்பு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், காதில் சத்தம் வந்ததா, தலைவலி இருந்ததா. இந்த ஆறு கேள்விக்கும் ஒரு வரியில் பதில் எழுதி வையுங்க. எழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் படம் எடுங்க. சர்க்கரை, பி.பி., தூக்கமாத்திரை, நாட்டு மருந்து எதையும் விட வேண்டாம். 14 இலக்க 'ஆபா' எண் இருப்பவர்கள் பழைய அறிக்கைகளை அதில் இணைத்து வைக்கலாம்.

நான்காவது, ஆலோசனை. 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். ஆனால் காதுத் துகள் பரிசோதனையைத் திரை வழியாகச் செய்ய முடியாது. அதற்கு நேரில் வரத்தான் வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. "எனக்கு இருக்கிற நோயின் பெயர் என்ன? இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? படுக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை எனக்கு வேண்டுமா?" கேட்பதில் தயக்கமே வேண்டாம். அது உங்கள் உரிமை.

காரணம் தெரியும்வரை சில விஷயங்களில் கவனமாக இருங்க. வண்டி ஓட்ட வேண்டாம். ஏணி, மாடி விளிம்பு, கிணற்றடி வேண்டாம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். முதியவர் ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும். தலைசுற்றலில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

"வயசானா இப்படித்தான்" என்று யாரையும் விட்டுவிடாதீங்க. வயது ஒரு நோயின் பெயர் இல்லை. வீட்டில் யாருக்காவது மூன்று மாதமாகத் தலை சுற்றுகிறது என்றால், இந்த வாரமே அழைத்து வாருங்கள். பல பேருக்குத் தீர்வு நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது.